டெல்டா வெயிலில் உருகாத பாடி பட்டர்: வெடித்த தோலுக்கு வீட்டில் செய்வது எப்படி?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):

வலங்கைமானுக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 55. நடவும் களையெடுப்பும் கதிரறுப்புமாகவே வாழ்ந்தவர் என்பதால் குதிகாலில் பித்தவெடிப்பு, உள்ளங்கையில் சொரசொரப்பு, முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்ததைப் போன்ற வறட்சி ஆகிய மூன்றும் அவருக்கு நிரந்தரமாகிவிட்டன. மார்கழிப் பனி தொடங்கியதும் குதிகால் வெடிப்பு ஆழமாகி, சில நாட்களில் இரத்தமும் கசிகிறது. கடையில் வாங்கும் லோஷன் தடவிய சற்று நேரத்திலேயே காய்ந்துவிடுகிறது என்று கூறி அதைத் தொட மறுக்கிறார்.

ஆகவே, இணையத்தில் படித்த முறைப்படி ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க மரமொன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) இரண்டு பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு, பாதாம் எண்ணெய் ஒரு பங்கு சேர்த்து உருக்கி, ஆறவைத்து, நுரைக்க அடித்துப் பாடி பட்டர் செய்தேன். இரவில் வெண்ணெயைப் போலத் திரண்டு அழகாக இருந்தது. சித்திரை மாதம் என்பதால் மறுநாள் நண்பகலுக்குள் டப்பாவில் எண்ணெயாக நின்றது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து மீண்டும் உறையச் செய்தபோது மணல் மணலாகத் திரிந்துவிட்டது. இதை உருகாமல் நிறுத்த என்ன சேர்க்க வேண்டும்? ஷியாவுக்குப் பதிலாக நம் ஊரில் கிடைக்கும் பொருள் ஏதேனும் உண்டா? சோற்றுக்கற்றாழைச் சாறும் பன்னீரும் கலந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை கூறுகிறார், கலக்கலாமா?

செக்குமேடு (பதில்):

சகோதரி, பேராவூரணிப் பக்கம் செக்கு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எண்ணெயோடு சோப்பும் பூச்சும் சிறிய அளவில் செய்து தருகிறோம். நீங்கள் பின்பற்றிய முறை குளிர்நாட்டு அறைகளுக்கு ஏற்றது. ஷியா வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். தேங்காய் எண்ணெயோ 24, 25 டிகிரியிலேயே இளகிவிடும். பாதாம் எண்ணெய் எப்போதும் திரவம்தான். இவை மூன்றையும் கலந்தால் கலவை ஷியாவைவிடக் குறைந்த வெப்பத்திலேயே தளர்ந்துவிடும். சித்திரையில் நம் பகுதியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் அந்தக் கலவை நிற்பதற்கு வழியே இல்லை.

இதற்குத் தீர்வு தேன்மெழுகு. அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதோடு, உருகி ஆறும்போது எண்ணெயைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. கோடைக்கு நாங்கள் செய்யும் அளவு, 100 கிராம் பூச்சுக்குத் தேன்மெழுகு 10 கிராம், கோகம் வெண்ணெய் 20, ஷியா வெண்ணெய் 40, நல்லெண்ணெய் 25, விளக்கெண்ணெய் 5. கோகம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் விளையும் மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. 38 முதல் 40 டிகிரி வரை உருகாத கெட்டி வெண்ணெய். ஐப்பசி தொடங்கித் தை முடிய மெழுகை 5 கிராமாகக் குறைத்து, அந்த 5 கிராமை நல்லெண்ணெயில் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையெனில் பனிக்காலக் காலையில் விரலால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். எதையும் கரண்டிக் கணக்கில் அளக்காதீர்கள். மெழுகில் இரண்டு கிராம் கூடினாலும் பூச்சு மெழுகுவர்த்தியாகிவிடும் என்பதால் சிறிய எடைக்கருவி அவசியம்.

செய்யும்போது பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். அகன்ற பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அதனுள் சிறிய பாத்திரத்தை இறக்கி, முதலில் மெழுகையும் நல்லெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் சேர்த்து உருக்குங்கள். மெழுகு முழுவதும் கரைந்த பிறகு கோகத்தையும், அடுப்பை அணைத்த பின் ஷியாவையும் இட்டு, ஒரு துண்டும் மிஞ்சாமல் உருகும் வரை கிளறுங்கள். இந்த நிலையில் ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டுப் பார்த்தால் கெட்டித்தன்மை தெரிந்துவிடும். இளக்கமாக இருந்தால் மெழுகையும், இறுக்கமாக இருந்தால் எண்ணெயையும் சிறிது சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம். மணலாகத் திரிந்ததற்குக் காரணம் ஷியா மெதுவாக ஆறியதே. அதிலுள்ள கெட்டிக் கொழுப்பு தனித்து உறைந்து குருணையாகிவிடும். எனவே முழுவதும் உருகிய கலவையைக் குளிர்ந்த நீருள்ள தட்டில் இறக்கி வைத்து, கெட்டியாகும் வரை கை ஓயாமல் கிளறி, உடனே டப்பாவில் அள்ளிவிடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் திரிந்த பூச்சையும் இவ்வாறே உருக்கி மீட்கலாம். நுரைக்க அடிக்கும் வேலையைக் கார்த்திகை, மார்கழிக்கு ஒதுக்கிவிடுங்கள். கோடையில் உள்ளே அடைத்த காற்று மாலைக்குள் வெளியேறி, நிறைந்திருந்த டப்பா பாதியாக இறங்கிவிடும்.

நல்லெண்ணெய் பற்றி ஒரு செய்தி. செக்கில் ஆட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ சேர்ப்பது நம் வழக்கம். சமையலுக்கு அது நல்லது, பூச்சுக்கு ஆகாது. அடியில் தங்கும் மண்டியோடு அந்த எண்ணெயை ஊற்றினால் பூச்சு பிசுபிசுக்கும், விரைவில் கெட்டும் போகும். சில நாட்கள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேலாக உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னை மருந்தாளுநர் (பதில்):

செய்முறையை மேலே உள்ளவர் நன்றாகக் கூறிவிட்டார். பயன்படுத்தும் முறை பற்றி எழுதுகிறேன். இந்தப் பூச்சில் நீர் ஒரு துளியும் கிடையாது. ஆகவே தோலில் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பதுதான் இதன் வேலை. காய்ந்த காலில் தடவினால் வறட்சியையே மூடி வைக்கிறோம். இரவு படுக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் கால்களைப் பத்து நிமிடம் ஊறவைத்து, தோய்ந்த துணியால் மெல்லத் தேய்த்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் போவதற்குள் தடவிப் பருத்திக் காலுறை அணியச் செய்யுங்கள். காலுறை பிடிக்கவில்லை என்றால் எழுந்து நடக்கும் முன் துடைத்துவிட வேண்டும், ஏனெனில் சிமெண்டுத் தரையில் எண்ணெய்க்கால் வழுக்கினால் இடுப்பெலும்புக்கு ஆபத்து. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இயற்கையாகவே இல்லை. நாளெல்லாம் சேற்றிலும் நீரிலும் ஊறி, வரப்பேறிக் காய்ந்து, மறுபடியும் ஊறும் தோல் வெடிப்பதில் வியப்பில்லை. துணி துவைக்கும் சோப்பால் கை கால் கழுவும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் படலமாகத் தோலில் ஒட்டி வறட்சியைக் கூட்டும்.

கற்றாழைச் சாறு, பன்னீர் இரண்டையும் கலக்க வேண்டாம். நீரில்லாத கொழுப்பில் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. ஆனால் நீர் சேர்ந்துவிட்டால் உரிய பதப்படுத்தும் பொருளின்றிச் சில நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கும். வைட்டமின் ஈ சேர்த்தால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். அது எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்துமே தவிரப் பூஞ்சையைத் தடுக்காது. அத்தை கூறும் கற்றாழையை வீணாக்க வேண்டியதில்லை. மஞ்சள் நிறப் பாலை வடியவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை நன்றாகக் கழுவி, காலில் முதலில் தடவி, அதன்மேல் இந்தப் பூச்சை இட்டுக்கொள்ளலாம்.

நடவு செய்பவர்களின் காலில் வருவன எல்லாம் பித்தவெடிப்பு ஆகா. விரலிடுக்கில் வெளுத்து, ஊறி, அரிப்போடு தோல் உரிந்தால் அது சேற்றுப்புண்; அங்கு ஈரத்தை அடைத்து வைக்கும் எந்தப் பூச்சும் நோயை வளர்க்கும். அந்த இடத்தைக் கழுவி, நன்றாக உலர வைத்து, பூஞ்சைக்குரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். குதிகாலில் தடவும் பூச்சு விரலிடுக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் தடித்துக் கல்லாகிப் போயிருந்தால் எண்ணெய்ப் பூச்சு மட்டும் போதாது. மருந்துக்கடையில் யூரியா கலந்த களிம்பு கிடைக்கும். பொதுவான வறட்சிக்கு 10 சதவீதமும், தடித்த குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீதமும் பயன்படுகின்றன. அதை முதலில் தடவி, சற்று நேரம் கழித்து உங்கள் பாடி பட்டரை மேலே இடலாம். இரத்தம் கசியும் பிளவில் யூரியாக் களிம்பு எரியும் என்பதால் அது மூடும் வரை வெறும் வாசலின் போதும். டெல்டாவில் இதைச் சொல்வதால் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது: வீட்டில் இருக்கும் உரமூட்டை யூரியாவைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள், அது தோலுக்காகத் தூய்மைப்படுத்தப்பட்டதன்று. பிளேடால் சீவுவதும் கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தாலோ, பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தாலோ, வெடிப்பில் சீழோ சிவப்போ வீக்கமோ காணப்பட்டாலோ வீட்டுப் பூச்சுகளை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டிவிடுங்கள்.

கடைமடை (பதில்):

ஷியாவுக்கு உள்ளூர் மாற்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் ஷியா மரமும் நம் இலுப்பையும் ஒரே தாவரக் குடும்பம் என்பதை இங்கு யாரும் குறிப்பிடவில்லை. மணல்மேட்டுக்கு அருகே இலுப்பைப்பட்டு என்னும் திருப்பழமண்ணிப்படிக்கரையில் இலுப்பையே தலமரம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றி வந்த காலத்தில் மிச்சத்தைக் குதிகாலில் தேய்த்துக்கொள்ளாதவர் குறைவு. மார்கழி விடியலில் அது தானாகவே வெண்ணெய்ப் பதத்துக்கு இறுகியிருக்கும். சித்திரையில் இளகிவிடும் என்பதால் மேலே சொன்ன மெழுகு இதற்கும் வேண்டும். ஷியாவில் பாதியை நீக்கி அந்த இடத்தில் இலுப்பெண்ணெயை ஊற்றினால் மெழுகை 12 கிராமாக்கிப் பாருங்கள். வாடை மட்டும் சற்றுக் கடுமை. அதைப் பொறுக்காதவர்கள் ஷியாவையே வைத்துக்கொள்ளட்டும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, இங்கே அது தலைகீழாகி, இலுப்பை இருக்கும் ஊருக்கு ஷியா கப்பலேறி வருகிறது.

சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்றொன்று உண்டு. குங்கிலியத்தைப் பொடித்து நல்லெண்ணெயில் இளஞ்சூட்டில் கரைத்து வடிகட்டி, நீர் விட்டுக் கையால் கடைந்துகொண்டே இருந்தால் வெள்ளை வெளேரென்று வெண்ணெயாகத் திரளும். வெடிப்புக்கு நல்ல பலன் தருவதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். குங்கிலியக்கலய நாயனாரின் திருக்கடவூர் எங்களுக்குப் பக்கம் என்பதால் தூபத்துக்கு வாங்கும் குங்கிலியத்திலேயே இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிடுவது வழக்கம்.

மன்னை மருந்தாளுநர் (பதில்):

குங்கிலிய வெண்ணெய் பற்றி ஐயா கூறியதை மறுக்கவில்லை. ஆயினும் அதில் நீர் இருப்பதால் ஒரு வாரத் தேவைக்கு மேல் செய்து வைக்காதீர்கள். குங்கிலியம் எளிதில் தீப்பற்றும் பிசின். திறந்த நெருப்பில் கரைக்கக் கூடாது. தூபத்துக்கென விற்பதில் சாயமும் வேறு பிசின்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் நாட்டு மருந்துக்கடையில் மருந்துக்கு என்று கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. பிசினோ எள்ளெண்ணெயோ சிலருக்கு ஒவ்வாது. எதைச் செய்தாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்த பிறகே காலுக்குப் போகலாம்.

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை என்று சென்ற மாதப் பரிசோதனையில் தெரிந்தது. விரலிடுக்கில் ஊறல் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதை மருத்துவரிடம் காட்டிவிட்டு, குதிகாலுக்கு மட்டும் செக்குமேடு ஐயா தந்த கோடைக்கால அளவில் செய்யப் போகிறேன். தேன்மெழுகு என்ற பெயரில் கடையில் வெள்ளைக் கட்டி ஒன்றைக் காட்டினார்கள். அது அசல்தானா என்று எப்படி அறிவது? மெழுகு ஒட்டிய பாத்திரத்தைக் கழுவுவது எப்படி?

செக்குமேடு (பதில்):

வெளுக்கப்பட்ட தேன்மெழுகும் வெள்ளையாக இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஆனால் சூடு காட்டும்போது தேன் மணம் சிறிதும் எழாமல் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அது மெழுகுவர்த்திக்குரிய பாரபின் என்று ஐயப்படலாம். தேனீ வளர்ப்பவரிடம் நேரடியாக மஞ்சள் கட்டியாக வாங்கிவிடுவது எளிது. உருக்கி மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தைச் சூடு ஆறுவதற்குள் பழைய செய்தித்தாளால் வழித்துத் துடைத்துவிட்டு, அதன் பிறகே வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கழுவுங்கள். உருகிய மெழுகைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் உள்ளே உறைந்து அடைத்துவிடும். பூச்சை ஈரமில்லாத சிறு கரண்டியால் எடுத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் நான்கைந்து மாதம் தாங்கும்; காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். முதல் தடவை 100 கிராமுக்கு மேல் செய்ய வேண்டாம்.