சிம்பிளா காம்ப்ளெக்ஸா? விடைக்குறிப்போட ஒத்துப்போகவே மாட்டேங்குது, உதவுங்க

கீற்றுக்கொட்டகை:
வணக்கம். போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கிறேன். வாக்கியம் சிம்பிளா (தனி வாக்கியம்), காம்பவுண்டா (தொடர் வாக்கியம்), காம்ப்ளெக்ஸான்னு (கலவை வாக்கியம்) கேக்குற பகுதியில மட்டும் மார்க் போகுது. இடிக்கிற இடங்கள்:

அ) 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் ஓல்ட் ஏஜ் அண்ட் வீக் ஐசைட், ஹீ ரீட்ஸ் த பேப்பர் எவ்ரி மார்னிங்.' காமா, அண்ட் ரெண்டும் இருக்கு, காம்பவுண்ட்னு போட்டேன். விடை சிம்பிள்.
ஆ) 'ஐ நோ ஹீ இஸ் ஹானஸ்ட்.' சிம்பிள்னு போட்டேன். விடை காம்ப்ளெக்ஸ்.
இ) 'ஆஃப்டர் த ரெயின், த மேட்ச் பிகேன்' சிம்பிளாம். 'ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட், த மேட்ச் பிகேன்' காம்ப்ளெக்ஸாம். ரெண்டுலயும் அதே ஆஃப்டர்தானே?
ஈ) 'ஹீ ஓபன்ட் த டோர் அண்ட் வாக்ட் இன்.' ஒரு கையேட்டுல காம்பவுண்ட், ஒரு வெளிநாட்டுத் தளத்துல சிம்பிள். எதை நம்புறது?

ஏழாம்பாடவேளை:
நீளத்தையும் காமாவையும் பார்க்காதீங்க. முற்றுவினையை எண்ணுங்க. அதுதான் ஃபைனைட் வெர்ப்.

கண்டுபிடிக்க வழி: வாக்கியத்தை நேற்றைக்கும் நாளைக்கும் மாத்திப் பாருங்க. எந்த வினை காலத்தோட உருமாறுதோ அதுதான் முற்று. 'ஹீ வாண்ட்ஸ் டு பை எ ஹவுஸ் ஃபேசிங் ஈஸ்ட்' என்பதை நேற்றைக்கு மாத்தினா 'வாண்டட்' மட்டும்தான் மாறும். 'டு பை', 'ஃபேசிங்' அப்படியே நிற்கும். முற்று ஒண்ணு, ஆகவே சிம்பிள். 'ஹேஸ் பீன் வெயிட்டிங்' மாதிரி துணைவினையோட வர்ற கொத்து மொத்தமும் ஒரே முற்றுதான், மூணுன்னு எண்ணிடாதீங்க. 'த லெட்டர் ரிட்டன் பை ஹிம் வாஸ் லாஸ்ட்' என்பதுல 'ரிட்டன்' பெயரெச்சம் மாதிரி, 'அவன் எழுதிய கடிதம்'. முற்று 'வாஸ் லாஸ்ட்' மட்டும்.

எண்ணிக்கை ஒண்ணுன்னா அங்கேயே நிறுத்தலாம். ரெண்டோ மேலேயோ இருந்தா இணைப்பைப் பாருங்க. ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ இந்த ஏழுல ஒண்ணோ அரைப்புள்ளியோ ரெண்டு தனி வாக்கியத்தைச் சேர்த்தா காம்பவுண்ட். தோ, இஃப், பிகாஸ், வென், ஹூ, தட் வகையறான்னா காம்ப்ளெக்ஸ்.

இப்ப உங்க கேள்விங்க. (அ)வுல முற்று 'ரீட்ஸ்' ஒண்ணே ஒண்ணு. அங்க இருக்கிற அண்ட் ரெண்டு பெயரைச் சேர்க்குது, வாக்கியத்தை இல்ல. (ஆ)வுல 'நோ', 'இஸ்' ரெண்டு முற்று, நடுவுல 'தட்' மறைஞ்சிருக்கு. 'த மேன் ஐ மெட் இஸ் எ டாக்டர்' இதுவும் அப்படித்தான், 'ஹூம்' மறைவு. ரெண்டு முற்று இருந்தும் இணைப்பு கண்ணுக்குத் தெரியலைன்னா தட், ஹூம், விச் இதுல ஒண்ணை நுழைச்சுப் பாருங்க. (இ)யில ஆஃப்டருக்குப் பின்னால வெறும் பெயர் வந்தா அது முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்), எழுவாயும் முற்றும் வந்தா இணைப்பு. பிஃபோர், அன்ட்டில், சின்ஸ் மூணுக்கும் இதே கணக்கு.

ஒட்டுப்புள்ளி:
(ஈ)க்கு நான் சொல்றேன். ரெண்டு கட்சியும் அவரவர் கணக்குப்படி சரி. அமெரிக்கப் பாடநூல்கள்ல எழுவாய் ஒண்ணு, பயனிலை மட்டும் ரெண்டுன்னா அது காம்பவுண்ட் பிரெடிகேட், வாக்கியம் சிம்பிள். அண்டுக்குப் பின்னால 'ஹீ' திரும்ப வந்தால்தான் அவங்களுக்கு காம்பவுண்ட். நம்ம பள்ளி மரபுல ரெண்டாவது முற்றுக்கும் எழுவாய் தொக்கி நிற்குதுன்னு எடுத்துக்கிட்டு காம்பவுண்ட்னு சொல்லுவாங்க. 'ஹேவிங் ஓபன்ட் த டோர், ஹீ வாக்ட் இன்' என்கிற சிம்பிளைக் காம்பவுண்டா மாத்தச் சொன்னா, பள்ளிக் கையேடு எதிர்பார்க்கிற விடையே உங்க (ஈ)தான். இங்க தேர்வு எழுதினா காம்பவுண்ட்னு போடுங்க. 'ராம் அண்ட் ரவி கேம்' மட்டும் எங்கேயும் சிம்பிள்தான், முற்று ஒண்ணு.

இன்னொண்ணு, 'ஸோ'வை நம்பி ஏமாறாதீங்க. 'இட் வாஸ் லேட், ஸோ வீ லெஃப்ட்' காம்பவுண்ட். 'ஷீ ஸ்போக் சாஃப்ட்லி ஸோ த பேபி வுட் நாட் வேக்' காம்ப்ளெக்ஸ், ஏன்னா அங்க 'ஸோ தட்' ஒளிஞ்சிருக்கு. 'அதனால'ன்னு பொருள் வந்தா முதல் வகை, 'அப்படி ஆகணும்னு'ன்னு வந்தா ரெண்டாவது.

கீற்றுக்கொட்டகை:
ரொம்ப நன்றிங்க. மாத்தி எழுதுற கேள்விக்கு நான் போட்டது இது, பாத்துச் சொல்லுங்க.
1. 'தோ ஹீ வாஸ் இல், பட் ஹீ கேம்.'
2. 'அன்லெஸ் யூ டோன்ட் ரன், யூ வில் மிஸ் த பஸ்.'
3. 'த டீ வாஸ் டூ ஹாட் ஃபார் மீ டு ட்ரிங்க்' என்பதுக்கு 'த டீ வாஸ் ஸோ ஹாட் தட் ஐ குட் நாட் ட்ரிங்க்.'
4. 'சீயிங் த ஸ்னேக், த ஸ்டிக் ஃபெல் ஃப்ரம் மை ஹேண்ட்.'

ஏழாம்பாடவேளை:
நாலுமே தப்பு, ஆனா நாலும் எல்லாரும் செய்யற தப்பு.

1: தோ போட்டா பட் கூடாது. தோ இருந்தா காம்ப்ளெக்ஸ், பட் இருந்தா காம்பவுண்ட், 'இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் இல்னஸ்' என்றா சிம்பிள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருவிதான். 'இன் ஸ்பைட் ஆஃப் ஹீ வாஸ் இல்' என்றும் எழுதிடாதீங்க, 'ஆஃப்'புக்குப் பின்னால முற்று நேரா வராது.

2: அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கு. 'அன்லெஸ் யூ ரன்' போதும். இதோட காம்பவுண்ட் 'ரன், ஆர் யூ வில் மிஸ் த பஸ்.'

3: கடைசியில 'இட்' விட்டுட்டீங்க. 'டூ... டு' அமைப்புல செயப்படுபொருள் வராது, 'ஸோ... தட்' அமைப்புல திரும்ப வந்தாகணும்: 'ஐ குட் நாட் ட்ரிங்க் இட்.' காம்பவுண்டுக்கு 'த டீ வாஸ் வெரி ஹாட், அண்ட் ஸோ ஐ குட் நாட் ட்ரிங்க் இட்.'

ஒட்டுப்புள்ளி:
4ஐ தமிழ்ல சொல்லிப் பாருங்க: 'பாம்பைப் பார்த்து, கைத்தடி கீழே விழுந்தது.' தடி பாம்பைப் பார்த்த மாதிரி ஆயிடும். 'செய்து' வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும்னு படிச்சிருப்பீங்க. ஆங்கிலத்துல வாக்கியத் தொடக்கத்துல வர்ற 'சீயிங்', 'ஹேவிங் சீன்' ரெண்டுக்கும் அதே கட்டுப்பாடு. 'சீயிங் த ஸ்னேக், ஐ ட்ராப்ட் த ஸ்டிக்' சரி.

எழுவாய் வேறவேறன்னா 'சூரியன் உதிக்க, புறப்பட்டோம்' என்கிற மாதிரி எச்சத்துக்குத் தனி எழுவாய் கொடுக்கணும்: 'த சன் ஹேவிங் ரிசன், வீ ஸ்டார்ட்டட்.' இதுவும் சிம்பிள்தான், முற்று 'ஸ்டார்ட்டட்' ஒண்ணுதான். இப்படி எழுத தயக்கமா இருந்தா 'வென் த சன் ரோஸ், வீ ஸ்டார்ட்டட்'னு காம்ப்ளெக்ஸா எழுதுங்க. கட்டுரைப் பகுதியில யாரும் சிம்பிள்தான் வேணும்னு கேக்கப் போறதில்ல.