20 மில்லிவாட்டுக்கே திரவப் படிக செல் கருகுகிறது, உதவி தேவை

பச்சைக்கதிர்:
வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. 5சிபி என்ற திரவப் படிகத்தை இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைத்த செல்லை வைத்து இசட் ஸ்கேன் எடுக்கிறேன், அதாவது லேசர் குவியத்தின் ஊடே செல்லை நகர்த்தி ஊடுருவும் ஒளியை அளப்பது. என்டி யாக் பல்ஸ் லேசர். முதல் பத்துப் பன்னிரண்டு ஷாட் ஒழுங்காக வருகிறது, அப்புறம் ஊடுருவும் ஒளி சரசரவென இறங்கிவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் பழுப்புப் புள்ளி, அதை ஒட்டி ஒரு குமிழி. பவர் மீட்டரில் 20 மில்லிவாட்தான் காட்டுகிறது, இதற்கு மேல் எதைக் குறைப்பது? திங்கட்கிழமை கைடுக்கு கிராஃப் காட்ட வேண்டும்.

நெமாட்டிக்_தோழி:
அலைநீளம் 1064 நானோமீட்டரா (அகச்சிவப்பு), 532-ஆ (பச்சை)? பல்ஸ் எத்தனை நானோ நொடி, நொடிக்கு எத்தனை பல்ஸ்? எந்த லென்ஸ்? செல்லின் தடிமன் என்ன? கண்ணாடியில் ஐடிஓ பூச்சு (மின்சாரம் கடத்தும், ஒளி புகும் படலம்) இருக்கிறதா?

சூடுதான்_காரணம்:
முதலில் அறையில் ஏசி ஓடுகிறதா என்று பாருங்கள். 5சிபி 35 டிகிரியிலேயே நெமாட்டிக் நிலையை, அதாவது மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் நிலையை, விட்டுவிடும். குப்பியின் அடியில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் பால் மாதிரி கலங்கி இருந்தது கண்ணெதிரே தண்ணீராகத் தெளியும், அவ்வளவு சென்சிடிவ். மே மாத மதியத்தில் அளவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இயக்கி27:
எனக்கு ஃபிரெடெரிக்ஸ் மாற்றம் என்றுதான் தோன்றுகிறது. ஒளியின் மின்புலம் மூலக்கூறுகளைத் திருப்பிவிடுகிறது.

பழைய_ஆப்டிக்ஸ்:
மூலக்கூறு திரும்பினால் பழுப்புக் கறை எப்படி வரும், தம்பி? திரும்பி முடிக்க மில்லிநொடிக் கணக்கில் ஆகும், நானோ நொடி பல்ஸ் அதற்குள் வந்து போய்விடும். சூடு என்பவருக்கும் சொல்கிறேன்: 25 மைக்ரான் செல் என்றால் சூடு ஒரு மில்லிநொடிக்குள் கண்ணாடிக்கு இறங்கிவிடும், 10 ஹெர்ட்ஸில் அடுத்த பல்ஸ் 100 மில்லிநொடி கழித்துத்தான் வரும். அடிப்படைக் கணக்கைப் போட்டுவிட்டு இங்கே வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

பச்சைக்கதிர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 532, 8 நானோ நொடி, 10 ஹெர்ட்ஸ். 50 செ.மீ. லென்ஸ், குவியத்தில் ஆரம் சுமார் 100 மைக்ரான். செல் 25 மைக்ரான். ஐடிஓ உண்டு, சீனியர் வைத்துவிட்டுப் போன டிஸ்ப்ளே செல்.

நெமாட்டிக்_தோழி:
அந்த 20 மில்லிவாட் சராசரிதான், அதை நம்பாதீர்கள். நொடிக்கு 10 பல்ஸ் என்றால் ஒவ்வொன்றும் 2 மில்லிஜூல், அதை 8 நானோ நொடியால் வகுத்தால் 250 கிலோவாட். 100 மைக்ரான் ஆரத்தில் சதுர செ.மீ.க்கு 6 ஜூலுக்கு மேல், நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கும் காஸியன் கற்றையின் நட்டநடுவில் அதுவே இரண்டு மடங்கு. ஐடிஓ அதைத் தாங்கவே தாங்காது. முதலில் கருகுவது அந்தப் பூச்சும் அதன் மேல் மூலக்கூறுகளை வரிசைப்படுத்த உள்ள பாலிஇமைடு படலமும்தான், ஒட்டிக்கொண்டிருக்கும் 5சிபி அந்தச் சூட்டில் சிதைந்து குமிழி விடுகிறது.

இன்னொன்று, 532-ஐப் பிரிக்கும் கண்ணாடிக்குப் பிறகும் மிச்ச 1064 கசிகிறதா என்று பாருங்கள், ஐடிஓ அகச்சிவப்பை இன்னும் அதிகமாக விழுங்கும். பச்சைக்கு மட்டுமான காகிள்ஸ் போட்டிருந்தால் அந்த 1064 கண்ணுக்குள் போகும், போவதே தெரியாது. இரண்டு அலைநீளத்துக்குமான காகிள்ஸ் இல்லாமல் லேசரைப் போடாதீர்கள், தயவுசெய்து.

இயக்கி27:
அப்படியானால் திரவப் படிகமே பல்ஸ் லேசருக்கு ஆகாதா?

பழைய_ஆப்டிக்ஸ்:
யார் சொன்னது? அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ராட்சத ஒமேகா லேசரில் வட்ட முனைவாக்கியாகவே திரவப் படிகத்தை வைத்திருக்கிறார்கள். ஐடிஓ இல்லாத செல், சரியான மூலக்கூறு, அவ்வளவுதான் விஷயம். 5சிபியில் பைஃபீனைல் (ஒட்டிய இரண்டு பென்சீன் வளையம்) இருக்கிறது, இரண்டு பச்சை ஃபோட்டான் சேர்ந்தால் 266 நானோமீட்டர் ஆற்றல், அதை அது உறிஞ்சிக்கொள்ளும். பென்சீன் வளையத்துக்குப் பதில் சைக்ளோஹெக்சேன் உள்ளவை நன்றாகவே தாங்கும்.

சொல்லாய்வன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திரவம் வடசொல், 'நீர்மப் படிகம்' என்று எழுதலாமே?

சூடுதான்_காரணம்:
திரவப் படிகம் என்றே படித்து வளர்ந்தோம். ஜெர்மன் இயற்பியலாளர் லேமான் 1889ல் வைத்த பெயரே 'ஓடும் படிகம்' என்றுதான் பொருள்படும்.

சொல்லாய்வன்:
ஓடுபடிகம்! அதுவே நீர்மத்தை விட நன்றாக இருக்கிறதே.

பழைய_ஆப்டிக்ஸ்:
பெயர் சூட்டு விழாவுக்குத் தனி இழை திறங்கள். கேட்டவர் திங்கட்கிழமைக்குள் அளவெடுக்க வேண்டும்.

நெமாட்டிக்_தோழி:
பச்சைக்கதிர், 0.2 மில்லிஜூலுக்கு இறக்கி, ஒரே அமைப்பில் இரண்டு செல்லையும் வைத்துப் பாருங்கள், ஐடிஓ உள்ளது ஒன்று, வெறும் கண்ணாடி ஒன்று. கறை எதில் வருகிறதோ அதுவே விடை. செல் காலியாக இருக்கும்போதும் ஒரு முறை சுட்டுப் பாருங்கள்.

(மூன்று நாள் கழித்து)

பச்சைக்கதிர்:
ஐடிஓதான். காலி செல்லிலேயே கறை விழுந்தது. வெறும் கண்ணாடி செல்லில் 0.2-ல் 2,000 ஷாட் வரை சுத்தம். 1064 கசிவும் இருந்தது, ஃபில்டர் போட்டாயிற்று. காகிள்ஸ் மாற்றிவிட்டோம். நன்றி அக்கா.

சூடுதான்_காரணம்:
அறை வெப்பநிலை எவ்வளவு இருந்தது?