கார்டைத் தூக்கிப் போடும் முன்: அமிகா 1200, அப்புறம் ஒரு 386

அமிகா 1200 என்ற பழைய வீட்டுக் கணினியின் பக்கவாட்டு பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டில் (பழைய லேப்டாப்களில் கார்டு செருகும் அதே வகை இடம்) என்ஈ2000 வகை நெட்வொர்க் கார்டு போட்டவர்கள் பலர் "கார்டு போச்சு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என்னுடையதும் ஆட்டம் காட்டியது. பவரை அணைத்துப் போட்டால் ஒழுங்காக ஓடும். கன்ட்ரோலையும் இரண்டு அமிகா விசைகளையும் சேர்த்து அழுத்தி ரீபூட் செய்தால், கார்டு இருப்பதாகவே மெஷினுக்குத் தெரியாது.

துப்பு அங்கேதான் கிடைத்தது. இப்படி ரீபூட் செய்யும்போது ஸ்லாட்டில் உள்ள கார்டுக்கு ரீசெட் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கார்டு பழைய நிலையிலேயே நிற்க, அதை இயக்கும் சிநெட் டிரைவர் முதலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. கழற்றி மாட்டினால் சரியாவதும் இதனால்தான். அமிகா நிரல்களின் இணையக் கிடங்கான அமிநெட்டில் கிடைக்கும் கார்ட்ரீசெட் என்ற குட்டி நிரலை, மெஷின் தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் சீக்வென்ஸில் சேர்த்தேன், அந்தத் தொல்லை விட்டது.

8 எம்பி ராம் போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) 600000-இல் தொடங்கும் 4 எம்பி முகவரி இடம் இந்த ஸ்லாட்டுக்கு உரியது. சில போர்டுகளின் ராம் அதன்மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஜம்பரை 4 எம்பிக்கு மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். பாதி ராம் போகிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனால் நெட் வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

கார்டையும் நெட் கேபிளையும் இணைக்கும் டாங்கிள் கேபிளையும் விடாதீர்கள். அதை லேசாக விரலால் தொட்டாலே லிங்க் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, கார்டின் வாயில் ஒரு பின் மட்டும் சாய்ந்திருந்தது. ஊசி முனையால் மெல்ல நிமிர்த்தினேன்.

*

386 என்ற பழைய பிசியும் வைத்திருப்பவன் என்ற முறையில் என் பங்குக்கு இன்னொன்று. பழைய பிசிகளின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் என்ஈ2000 கார்டு, டாஸ், டாஸுக்கான நெட்வொர்க் நிரல் தொகுப்பான எம்டிசிபி. கார்டை இயக்கும் பாக்கெட் டிரைவர் எந்தப் பிழையும் காட்டாமல் ஏறிக்கொள்ளும், ஆனால் நெட்வொர்க் தானாகத் தரும் டிஹெச்சிபி முகவரி வரவே வராது. ஸ்விட்ச்சில் விளக்கு சிமிட்டியது; அதாவது கார்டு அனுப்புகிறது, பதில்தான் உள்ளே வந்து சேரவில்லை. இப்படி இருந்தால் முதலில் ஐஆர்க்யூவைச் சந்தேகியுங்கள் (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடும் தடத்தின் எண்). கார்டு 3-இல் இருந்தது, காம்2 என்ற சீரியல் போர்ட்டும் அதே 3. பயாஸில் காம்2-ஐ அணைத்ததும் முகவரி உடனே வந்தது.

*

புது 2.5 கிகாபிட் ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: அவற்றில் சில, இந்த மாதிரிப் பழைய கார்டுகளின் 10 மெகாபிட் வேகத்தை ஏற்பதே இல்லை. நடுவில் ஒரு பழைய 10/100 ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டால் லிங்க் வந்துவிடும்.