வலி நின்றுவிட்ட பல்லுக்கும் ரூட் கெனால் தேவையா?

கேள்வி:
கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் எனக்குப் பெரிய சொத்தை இருந்தது. சென்ற மாதம் குளிர்ந்த நீர் பட்டாலே சுரீரென்று ஏறிய வலி வெகுநேரம் அடங்காமல், படுத்தால் இன்னும் கூடி, தூக்கத்தைக் கெடுத்தது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை ஐந்து நாள்கள் சாப்பிட்டேன். இப்போது வலி அறவே இல்லை. பனிக்கட்டியை வைத்தாலும் உணர்ச்சி தெரியவில்லை. ஆயினும் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், வேர்நுனியில் கருநிழல் தெரிவதாகவும் ரூட் கெனால் (வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்து கேப் (பல்லை மூடும் உறை) போட வேண்டும் என்றும் கூறுகிறார். வலிக்காத பல்லை எதற்காகக் குடைய வேண்டும்? பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?

மறுமொழி 1:
பல் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். பனிக்கட்டியை வைத்தும் உணர்ச்சி இல்லை என்பதை நீங்கள் நல்ல செய்தியாகக் கருதுகிறீர்கள்; நான் அதைப் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசு) இறந்துபோனதற்கான அடையாளமாகவே பார்க்கிறேன். வலியை உணர்த்தும் நரம்பு அழிந்ததால் வலி நின்றிருக்கிறதே தவிர, கிருமிகள் வேர்க்குழல்களுக்குள் அப்படியே இருக்கின்றன, அவற்றின் கசிவு வேர்நுனியைத் தாண்டி எலும்பை அரிப்பதைத்தான் அந்தக் கருநிழல் காட்டுகிறது. மாத்திரையால் வீக்கம் தணியலாம். ஆனால் இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து உள்ளே போய்ச் சேர வழியில்லை.

ஆகவே உள்ளிருப்பதைக் கையால்தான் எடுத்தாக வேண்டும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, எச்சில் உள்ளே இறங்காமல் தடுத்து, அரம் போன்ற மெல்லிய ஃபைல்களால் ஒவ்வொரு குழலையும் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைப்போம். உங்கள் பல்லில் பெரும்பாலும் மூன்று குழல்கள் இருக்கும், சில சமயம் நான்கு. ஒன்றைத் தவறவிட்டாலும் தொற்று திரும்பி வரும் என்பதால்தான் இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் பிடிக்கிறது.

மறுமொழி 2:
நான் செய்த பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூட் கெனால் முடிந்ததும் வலி இல்லையே என்று கேப் போடுவதை ஏழு மாதங்கள் தள்ளிப்போட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது மளுக்கென்று ஓர் ஓசை. பல் நெடுக்காகப் பிளந்து, விரிசல் வேர்வரை இறங்கியிருந்தது. அதன்பின் பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

மறுமொழி 3 (கேட்டவர்):
நன்றி. பிடுங்கினால் என்ன என்ற ஐயம் மட்டும் இன்னும் மீதியிருக்கிறது.

மறுமொழி 4 (மருத்துவர்):
பிடுங்குவதும் தொற்றை நீக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயக்கூடும், எதிர்ப்பல் இறங்கக்கூடும். இம்ப்ளான்ட்டோ (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பிரிட்ஜோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) வைக்கப் போனால் அந்த ‘ஒரே நாள்’ பல மாதங்களாக நீளலாம். கேப்பைத் தாங்கும் அளவுக்கு ஈறுக்கு மேல் பல் மிஞ்சியிருக்கிறதா என்பதை முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மிஞ்சியிருந்தால் காப்பாற்றுங்கள், இல்லையென்றால் பிடுங்குவதே சரி.