பேஸ்மேக்கர் வைத்த அம்மாவும் இண்டக்ஷன் அடுப்பும்: காந்தப்புலத்தை எங்கே அளப்பது?

கும்பகோணம் பக்கம் கிராமம். அம்மாவுக்குப் போன தை மாதம் பேஸ்மேக்கர் வைத்தோம், ஆடியில் 2000 வாட் ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு வாங்கினோம். பால் பொங்குகிறதா என்று மேடையை ஒட்டிக் குனிந்து பார்ப்பார், அப்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது என்கிறார். பேஸ்மேக்கரைச் சோதித்தாயிற்று, அதில் கோளாறு இல்லை. அடுப்பின் காந்தப்புலம் பேஸ்மேக்கரைத் தொந்தரவு செய்கிறதோ என்று சந்தேகம், அடுப்பை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

கடையில் கேட்டால் "தர முத்திரை இருக்குல்ல" என்கிறார்கள். கம்பெனியில் கையேட்டைப் பார்க்கச் சொன்னார்கள், கையேட்டிலோ மருத்துவரைக் கேட்கவும் என்று ஒரே வரி. மருத்துவர் 60 செ.மீ. தள்ளி நிற்கச் சொன்னார், அவ்வளவு தள்ளி நின்று எப்படிக் கிண்டுவது? போன் செயலியிலும் காந்தப்புலத்தை அளந்து பார்த்தேன், ஆனால் அடுப்பு ஓடுவது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், போன் உணரி அதைப் பிடிக்காது.

வீட்டுச் சாதனங்களின் மின்காந்தப்புலத்தை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62233-படி இந்த அடுப்பை 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழுவான ஐசிஎன்ஐஆர்பியின் 2010 வழிகாட்டியில் இந்த அலைவரிசைக்குப் பொதுமக்களுக்கான காந்தப்புல வரம்பு 27 மைக்ரோடெஸ்லா. சரி, ஆனால் வரம்புக்குள் இருந்தாலும் பேஸ்மேக்கருக்கு இடையூறு வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதனால் எனக்கு முத்திரை போதாது, அம்மா நிற்கும் இடத்தில் எவ்வளவு என்ற எண் வேண்டும்.

தஞ்சாவூர், திருச்சி பக்கம் இந்த அலைவரிசையில் காந்தப்புலத்தை அளந்து தருகிற ஆய்வகமோ கல்லூரியோ யாருக்காவது தெரியுமா?