தரகர் வேண்டாம், இடந்தருநர் என்போம்

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

இணையப் பேச்சுச் சட்டத்தைச் சனத்துக்கு விளக்கும் நம் கைந்நூலுக்காகப் பத்து நாளாக ஒரே சொல்லைச் சுற்றி வருகிறோம். மற்றவர்கள் எழுதுவதையும் பதிவேற்றுவதையும் தன்னிடத்தில் வைத்து ஊருக்குக் காட்டும் நிறுவனத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? பேஸ்புக், யூடியூப் போன்ற பெரிய இடங்களுக்கும் அந்தச் சொல் பொருந்த வேண்டும். பின்னூட்டப் பகுதியைத் திறந்து வைத்திருக்கும் நம்மூர்ச் செய்தித் தளத்துக்கும், வழங்கியில் (சேர்வரில்) இடம் வாடகைக்கு விடும் கம்பனிக்கும் பொருந்த வேண்டும். இடைத்தரகர், தளம், விருந்தோம்புநர் என்று மூன்று முன்மொழிவுகள் வந்துவிட்டன. மூன்றையும் கைந்நூல் வரைவில் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் இடிக்கின்றன.

முதலில் இடைத்தரகர். போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபத்தில் வரைவை வாசித்துக் காட்டினோம். இருபது பேர் வரை வந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மா ஒருவர் அந்தச் சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். "தம்பி, தரகர் எண்டா ரெண்டு பக்கமும் கமிஷன் எடுக்கிறவர். என்ர மகளைப் பற்றி அசிங்கமா எழுதினவனுக்கும் எனக்கும் நடுவில அவர் என்ன பேசி முடிச்சவர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காணித் தரகர், கலியாணத் தரகர், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர் எல்லாருமே இரண்டு தரப்பைச் சேர்த்து வைப்பவர்கள். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவில் பேசுவது நடுவில் நிற்பவரைப் பற்றி. அதை நேரே பெயர்க்கும்போது கை தானாகவே இடைத்தரகரை எழுதிவிடுகிறது. ஆனால் படிப்பவருக்கு மனத்தில் வருவது வேறு ஆள்.

தளம் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்று சென்னையிலிருந்து தம்பி எழுதியிருந்தார். பேச்சுக்கு அது போதும். பொறுப்பை எழுதும் இடத்தில்தான் எனக்குத் தயக்கம். 'தளம் முடங்கியது', 'தளம் நீக்கியது', 'தளம் பரிந்துரைத்தது' என்று எழுதும்போது மழை பெய்தது, மரம் விழுந்தது என்பதுபோல ஆகிவிடுகிறது. செய்த ஆள் மறைந்து போகிறார். நிறுவனமும் அஃறிணைதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் உரிமையாளர், ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சிடுபவர் என்று, ஒருவரைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் தமிழ் உயர்திணைப் பெயரைத்தான் தேடிப் போயிருக்கிறது. இங்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐயா சொன்ன விருந்தோம்புநர் காதுக்கு இனிமையான சொல். ஆனால் விருந்தாளியை நாம் முகம் பார்த்து வாசலில் வரவேற்கிறோம். இங்கே வருபவரின் முகமே தெரியாது.

என் முன்மொழிவு: இடந்தருநர். பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர், வழங்குநர் வரிசையில் வரும் சொல். வழங்கியில் இடம், பக்கத்தில் இடம், பின்னூட்டத்தில் இடம் என்று நேர்ப்பொருள் சரியாக நிற்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இருக்கிறது. தமிழில் 'இடங்கொடுத்தல்' என்றால் அனுமதித்தல் என்றும் பொருள். 'அந்தப் பேச்சுக்கு இங்கே இடங்கொடாதே' என்கிறோம். 'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்கிறோம். ஒரே வினையில் பரப்பளவும் சம்மதமும் சேர்ந்து இருக்கின்றன. இந்த விவகாரத்தின் நடுக்கேள்வியும் அதுதானே: இடம் கொடுத்தவர் எந்தக் கட்டத்தில் சம்மதமும் கொடுத்தவர் ஆகிறார்?

மட்டக்களப்பு அக்கா இதற்கு மறுப்புச் சொல்வார் என்று தெரியும்: சொல்லுக்குள்ளேயே குற்றத்தை ஏற்றிவிடுகிறோம், கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும். அந்த மறுப்பை நான் லேசாக எடுக்கவில்லை. இடம் தந்தவரைக் குற்றவாளியாக்கினால் என்ன நடக்கும் என்பது கொழும்புத் தமிழருக்கு ஏட்டில் படித்த விஷயமும் இல்லை. யுத்த காலத்தில் வீட்டில் தங்குபவர் பெயரையெல்லாம் பொலிசில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வீட்டுக்காரருக்குத்தான் வில்லங்கம். வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? வடக்கிலிருந்து வந்த இளம் பிள்ளைகளுக்கு அறை இல்லை என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். என் மாமா ஒருவர் அறை தேடிக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நான்கு நாள் அலைந்திருக்கிறார். ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துப் பேசிவிட்டு, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் "மகன், அறை நேற்றே போயிட்டுது" என்றார்களாம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் இருந்த தமிழர் 376 பேரை அரசே பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு மனுப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இணையத்திலும் இதே கதைதான். முன்கூட்டியே எல்லாரையும் சோதி, தவறினால் உனக்குத் தண்டனை என்றால், இடந்தருநர் சந்தேகப்படும்படியான எதையும் உள்ளே விடமாட்டார். அவருக்கு எந்த மொழி விளங்காதோ அந்த மொழியில் எழுதுபவர்தான் முதலில் வெளியே போவார். ஆகவே இந்தச் சொல் குற்றத்தைச் சுமக்கக் கூடாது, கேள்வியை மட்டும் சுமக்க வேண்டும். இடந்தருநர் அந்த அளவோடு நிற்கிறது என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் இது வேறு வழியாக வந்தது. 1991இல் கொம்பியூசேர்வ் என்ற கணினிச் சேவை நிறுவனத்தின் வழக்கில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத நிறுவனம் புத்தகக்கடை போன்றது, அதற்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. 1995இல் அதேபோன்ற புரொடிஜி நிறுவனத்தின் வழக்கில், ஆபாசத்தையும் வசையையும் நீக்கிவந்த நிறுவனம் வெளியீட்டாளர் போன்றது, அதற்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பு. வாசலைக் கூட்டியவர் மாட்டிக்கொண்டார், கண்ணை மூடியிருந்தவர் தப்பினார். அந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் 1996இல் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு வந்தது: பிறர் பேச்சுக்கு இடந்தருநரை வெளியீட்டாளராகக் கருதக் கூடாது, நல்லெண்ணத்தோடு அவர் நீக்கினாலும் அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. ஐரோப்பா 2000ஆம் ஆண்டின் மின்வணிகப் பணிப்புரையில் வேறு கோடு போட்டது: தெரியாதவரை பொறுப்பில்லை, தெரிந்தபின் விரைந்து நீக்காவிட்டால் பொறுப்பு. என் மனம் ஐரோப்பியக் கோட்டின் பக்கம்தான். நம் வீட்டுக்காரருக்கும் அதுதான் நியாயமான கோடாக இருந்திருக்கும்.

அதே பணிப்புரை வெறுமனே கடத்திவிடுபவரை இடந்தருநரிலிருந்து பிரித்து வைத்தது. தொலைபேசிக் கம்பனி அந்த வகை. கடத்துநர் என்று சொல்லலாம், மின்சாரப் பாடத்தில் 'கடத்தி' படித்தவர்களுக்கு உடனே விளங்கும். ஆள்கடத்தல் நினைவுக்கு வருகிறதே என்று யாராவது சொன்னால் மாற்றத் தயார். வெளியிடுநர், கடத்துநர், இடந்தருநர் மூன்றையும் ஒரே விகுதியில் வைத்தால் பாடம் நடத்துவதும் எளிது.

ஆனால் இந்த மூன்றோடு முடிந்துவிடவில்லை. அம்பாறையை நினைத்துப் பாருங்கள். 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை போட்டாயா என்று கூட்டம் சிங்களத்தில் கேட்டது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. மாவுக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, உடைந்த சிங்களத்தில் 'போட்டோம்' என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அது ஒப்புதல் வாக்குமூலமாக வீடியோவில் பதிவாகி பேஸ்புக்கில் நாடெங்கும் போனது. அரச பகுப்பாய்வாளர் பிறகு சோதித்தபோது அது மாவுதான். அதற்குள் அங்கே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. சில நாளில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பற்றியெரிந்தது. சொல்லைப் பற்றி இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கடைக்காரரின் கதையைத்தான். விளங்காத ஒரு சொல்லுக்கு அவர் தலையாட்டினார்.

அந்த வீடியோவைத் தேடிப் போனவர் எத்தனை பேர்? பெரும்பாலோருக்கு அது தானாக முன்னால் வந்து நின்றது. நிறையப் பேர் கோபப்பட்டுப் பகிர்ந்ததைக் கணக்கெடுத்து, இன்னும் நிறையப் பேருக்குக் காட்டும் பொறிமுறை அங்கே வேலை செய்தது. இது வெறும் இடங்கொடுத்தல் ஆகாது. மூலையில் அறை கொடுப்பது வேறு, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து மேடையில் ஏற்றுவது வேறு. இந்தச் செயலுக்கு 'முன்னிறுத்தல்' என்று தனிச்சொல் வைப்போம். இடந்தருநர் முன்னிறுத்தத் தொடங்கும்போது அவர் பொறுப்பும் கூடுகிறது என்று எழுதலாம். திகன வன்முறையில் தங்கள் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. பச்சைக் குழந்தையைக்கூட விடாதே என்று முஸ்லிம்களைக் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவு ஒன்றை முறையிட்டவருக்கு, எங்கள் நெறிகளை இது மீறவில்லை என்று பதில் வந்ததும் அதே 2018இல்தான்.

அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் சமூக ஊடகங்களை ஒரு வாரமளவுக்கு மூடியது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு மறுபடி மூடியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, விலைவாசிக்கும் மின்வெட்டுக்கும் எதிராகச் சனம் தெருவில் இறங்கிய நேரத்திலும் மூடியது. முதல் இரண்டுக்கும் வன்முறையைத் தடுக்க என்ற காரணமாவது இருந்தது. மூன்றாவதில் வெறுப்பை யார் யார்மேல் தூண்டினார்கள்?

இங்கேதான் வெறுப்புப் பேச்சு என்ற சொல்லில் எனக்கு ஒரு சங்கடம். வெறுப்பு மனத்தில் இருப்பது. எனக்கு ஓர் அமைச்சரைக் கண்டாலே வெறுப்பு என்று நான் சொல்லலாம், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக (ICCPR) வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் 3ஆம் பிரிவில் தடுப்பது, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் இன, மத வெறுப்பை. தூண்டுதல்தான் அதன் உயிர். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வெறுப்பை மட்டும் பிடித்ததால் என்ன ஆயிற்று? 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஒருவர் அதே சட்டத்தின் கீழ் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2020இல் மன்னார் இளைஞர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். அவருடைய தமிழ்க் கவிதைகள் வன்முறையைக் கண்டித்தவை. அவற்றைத் தமிழ் தெரியாதவர்களுக்காகப் பெயர்த்த விதத்தில் அவை தீவிரவாதம் ஆயின. விடுதலைத் தீர்ப்பு வர 2023 டிசம்பர் ஆயிற்று. ஆகவே பேச்சுவழக்கில் வெறுப்புப் பேச்சு இருக்கட்டும், சட்டத்தை விளக்கும் வரியில் 'பகை தூண்டல்' என்று எழுதுவோம். இந்திய உச்ச நீதிமன்றமும் 2015இல், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை நீக்கியபோது விவாதித்தல், வலியுறுத்தல், தூண்டல் என்று மூன்று படி வைத்து, மூன்றாவதில்தான் அரசு கைவைக்கலாம் என்றது.

பொறுப்பு என்ற சொல்லும் தனியாக நின்றால் குழப்பும். கடமை, சட்டத்தில் மாட்டிக்கொள்வது, நடந்ததற்குப் பதில் சொல்வது மூன்றுக்கும் அதையே போடுகிறோம். கடைசிக்கு நம் நாட்டுத் தமிழில் 'பொறுப்புக்கூறல்' நன்றாக ஊன்றிவிட்டது. யுத்தத்தில் நடந்ததற்குப் பதில் கேட்டுக் கேட்டே ஊன்றியது என்று இந்தக் குழுவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ளதற்குச் 'சட்டப்பொறுப்பு' போதும். நீக்குவதையும் அனுமதிப்பதையும் சேர்த்துக் குறிக்க, வலைப்பதிவுக் காலத்திலேயே வந்த 'மட்டுறுத்தல்' இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்து, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்பு (ஒன்லைன் பாதுகாப்பு) சட்டத்தை விளக்கும் பக்கத்தை நேற்று இப்படி மாற்றி எழுதினேன்:

"ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு அறிவித்தல் கொடுத்தால், இடந்தருநர் 24 மணித்தியாலத்துக்குள் அதன்படி செய்ய வேண்டும். உங்கள் பதிவு பகை தூண்டலா, வெறும் விமர்சனமா என்று அந்த நேரத்துக்குள் தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்தாரா என்று இடந்தருநரிடம் கேளுங்கள்."

இதைக் கொட்டாஞ்சேனை அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். "இடந்தருநர்" என்பதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஓம், இடம் குடுத்தவர். அவரைத்தான் நான் கேக்கோணும்" என்றார்.

இன்னும் ஒன்று பாக்கி. இடந்தருநருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பை வரைவில் 'பாதுகாப்பான துறைமுகம்' என்று நேரே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். கொழும்பில் இதை வாசிப்பவருக்குக் கப்பலும் கொள்கலனும்தான் ஞாபகம் வரும். 'நிபந்தனை விடுபாடு' என்று போட்டிருக்கிறேன். தெரிந்தபின் நீக்கினால்தான் விடுபாடு என்கிற நிபந்தனை சொல்லிலேயே இருக்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், வெள்ளி காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து