வண்டியைப் பார்த்தாலே பின்னாடி போகுது எங்க மட்டக்குதிரை – மழைக்கு முன்னாடி ஏத்தியாகணும், வழி சொல்லுங்க

சிட்டு வீடு:
வணக்கம். எங்ககிட்ட ஒரு மட்டக்குதிரை இருக்கு. பேரு சிட்டு, ஏழு வயசுப் பெட்டை, தோள் உயரம் நாலடி. மூணு வருஷம் முன்னாடி அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில வாங்கினது. பசங்களை ஏத்திக்கிட்டு மணல்ல சமத்தா நடக்கும். தீபாவளி வெடிக்குக்கூட காதை மட்டும்தான் ஆட்டும். வண்டின்னா மட்டும் ஆகாது.

இருக்கிறது சென்னை இஞ்சம்பாக்கம், லாயம் பள்ளத்துல. போன மழையில நாலு நாள் தண்ணியிலேயே நின்னு குளம்பு அழுகி, குணமாக ரெண்டு மாசம் ஆச்சு. பருவமழை அக்டோபர் 20 வாக்குல பிடிச்சுக்கும். அதுக்குள்ள திருப்போரூர்ல மச்சான் தோப்புல கொண்டுபோய் விட்டுடணும். கையில அஞ்சு வாரம்தான் இருக்கு.

சித்திரையில ஒரு தடவை குட்டியானையில (டாடா ஏஸ் மினி லாரி) ஏத்தினோம். சாரப்பலகை ரெண்டைச் சாய்ச்சு, முன்னாடி ரெண்டு பேர் இழுக்க, பின்னாடி ரெண்டு பேர் தள்ள, எப்படியோ ஏறிடுச்சு. தெருமுனை வேகத்தடையில டிரைவர் போட்ட பிரேக்ல முன்முட்டி ரெண்டும் மடங்கி விழுந்துச்சு. இறக்கும்போது பலகை விலகி பின்கால் ஒண்ணு சந்துல மாட்டிக்கிச்சு. தோல் உராய்ஞ்சதோட போச்சு, ஆனா அதை அது மறக்கல. இப்போ வண்டிக்குப் பத்தடி முன்னாடியே தலையைத் தூக்கிடும், மூக்கு விடைக்கும், கண்ணுல வெள்ளை தெரியும். வெல்லம் காட்டினா கழுத்தை மட்டும் எட்டி நீட்டி வாங்கிக்கிட்டு மறுபடி பின்னாடியே போயிடும்.

கண்ணைக் கட்டி ஏத்தலாமா? இல்ல, மயக்க ஊசி எதாவது போடலாமா?

ஜட்கா பேரன்:
கண்ணைக் கட்டு, பின்னாடி தொடப்பத்தால ஒரு தட்டு. பத்து நிமிஷ வேலை. எங்க தாத்தா காலத்துல இதுக்கெல்லாம் யாரும் கேள்வி கேட்டதில்ல.

கிண்டி லாயக்காரர்:
ஜட்கா தம்பி, உங்க தாத்தா குதிரை குட்டியானையில ஏறல, தெருவுலதான் ஓடுச்சு. இருபத்தேழு வருஷம் லாயத்துல சைஸா (குதிரையைப் பராமரிக்கிற ஆளா) இருந்தவன் சொல்றேன், கண்ணைக் கட்டினா கால் வைக்கிற இடம் தெரியாது. பலகையில ஒரு கால் தவறினா உங்களுக்கும் ஆபத்து, அதுக்கும் ஆபத்து.

சிட்டு தம்பி, ஒண்ணு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. வண்டி வேண்டாம், வெறும் தரையில தலைக்கயித்தைப் பிடிச்சு, மார்புல ரெண்டு விரல் வச்சு 'பின்னே'ன்னு சொன்னா நேரா பின்னாடி நடக்குதா?

சிட்டு வீடு:
இப்பதான் பார்த்தேன் ஐயா. முன்னாடி நடக்க பிரச்சனையே இல்ல. பின்னாடின்னா ரெண்டு எட்டு வைக்குது, அப்புறம் இடுப்பை ஒரு பக்கமா வளைச்சிடுது. நேரா போகவே மாட்டேங்குது.

கிண்டி லாயக்காரர்:
அதேதான். குட்டியானையில அது திரும்ப இடம் கிடையாது. ஏறினா பின்பக்கமாத்தான் இறங்கணும். பின்னாடி நடக்கத் தெரியாத குதிரைக்கு அது பொந்து மாதிரி, உள்ள போனா வெளிய வர வழி தெரியாது. போன தடவை இறங்கும்போதுதான் காலும் மாட்டியிருக்கு. ஏற பயப்படுதுன்னு நினைக்கிறீங்க. எனக்கென்னவோ அதுக்கு இறங்கத்தான் பயம்.

முதல் வாரம் வண்டிப் பக்கமே போகாதீங்க. தரையில பின்நடை பழக்குங்க. ஒரு எட்டு நேரா வச்சதும் கையை எடுத்துடணும், அந்த நொடியே. அது சரியா செஞ்சதும் அழுத்தம் விட்டுப் போகுதுன்னு புரியறதுதான் அதுக்குப் பாடம், வெல்லம் அப்புறம்தான். சுவர் ஓரமா நடத்தினா இடுப்பு வளையாது. பிறகு மரப்பலகையை மண்ணுல படுக்கப் போட்டு அதுமேல நடக்கவிடுங்க. குளம்பு பட்டதும் வர்ற 'டொம்' சத்தத்துக்கே பாதிக் குதிரை மிரளும். பழைய கோணியை மேல விரிச்சா சத்தமும் குறையும், வழுக்கவும் வழுக்காது.

வண்டிகிட்ட வந்த பிறகு கயித்தை மேல பார்த்து இழுக்காதீங்க. மூக்குக்கு நேர் கீழ இருக்கிறது குதிரைக்குத் தெரியாது, தலையைத் தாழ்த்தினாத்தான் பலகை கண்ணுல படும். மோந்து பார்க்கணும்னா பார்க்கட்டும். ஒரு முன்கால் வச்சா போதும், நீங்களே பின்னாடி இறக்கிடுங்க. அது இறங்கணும்னு நினைக்கிறதுக்கு முன்னாடி நீங்க இறக்கணும். இதை ஒரு நாளைக்கு கால் மணி நேரத்துக்கு மேல செய்யாதீங்க.

இன்னொண்ணு, இதை எழுதி வச்சுக்குங்க. ஏத்தினதும் முதல்ல குதிரைக்குப் பின்னாடி குறுக்குக் கட்டையைப் போடணும், அப்புறம்தான் தலைக்கயித்தைக் கட்டணும். இறக்கும்போது முதல்ல தலைக்கயித்தை அவிழ்க்கணும், பிறகு கட்டையை எடுக்கணும். மாத்திச் செஞ்சா தலை கட்டியிருக்க உடம்பு பின்னாடி பாயும். அதுல கழுத்து முறிஞ்ச குதிரையை நான் பார்த்திருக்கேன். யாரும் நேர் பின்னாடி நிக்கக் கூடாது.

வேப்பேரி மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பயம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி முட்டியையும் முதுகையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க அண்ணா. விழுந்த இடத்துல வலி மிச்சமிருந்தா பலகை ஏற்றம் அதைக் கிளறும், பயிற்சியெல்லாம் வீண். மயக்க ஊசியை நீங்களா போடவே கூடாது. அரை மயக்கத்துல இருக்கிற குதிரையால ஓடற வண்டியில சமாளிச்சு நிக்க முடியாது. அமைதியா இருக்கிற மாதிரி தெரியும், திடீர்னு உதைக்கும்.

வண்டி மேல தார்பாய்க் கூண்டு இருந்தா பழக்கும்போது கழட்டிடுங்க. வெயில்லேர்ந்து இருட்டுக்குப் போனா குதிரைக் கண்ணு பழக நம்மளைவிட நேரமாகும். அப்புறம், விலங்குகளைக் கொண்டுபோறதுக்கான 1978 விதிகள்படி பயணத்துக்குத் தகுதியா இருக்குன்னு மருத்துவர் சான்றிதழ் கையில இருக்கணும். முட்டி காட்டப் போகும்போதே கேட்டு வாங்கிடுங்க.

மேடவாக்கம் வண்டி:
சார், நம்மளும் குட்டியானைதான் ஓட்டுறோம். ஆடு, மாடு, ஒரு தபா கல்யாணத்துக்குக் குதிரை. லாயக்கார பெருசு சொன்னது கரெக்ட்டு, ஆனா வண்டிப் பக்கத்துல ஒண்ணு விட்டுட்டாரு. குதிரை கால வச்சா வண்டி பின்னாடி அமுங்கும் சார். ஸ்பிரிங் பட்டை அமுங்குற அந்த ஆட்டத்துலயே பயந்து எறங்கிடும். பின்னாடி ரெண்டு சைடும் கட்டை முட்டுக் குடு, சக்கரத்துக்கும் கல்லு வை. கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடு, மறந்துடாதே. மண்மேடு எதுனா இருந்தா வண்டிய அதுல ஒட்டி நிறுத்து, பலகையே தேவையில்ல. வண்டித் தரையில ரெண்டு இஞ்ச் மணல் போட்டு மேல வைக்கோலு.

ஓட்டுறதுதான் முக்கியம். தண்ணி ரொம்பின குண்டானை மூடாம எத்தினு போற மாதிரி ஓட்டணும். வேகத்தடைக்கு அம்பது அடி முன்னாடியே கால எடுத்துரு, பிரேக்கே மிதிக்கக் கூடாது. காலைல அஞ்சு மணிக்கெல்லாம் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) தாண்டிடு. ஏழுக்கு மேல போனா நின்னு நின்னு போவ, குதிரைக்கு நரகம்.

சிட்டு வீடு (ரெண்டு வாரம் கழிச்சு):
டாக்டர் பார்த்தாச்சு, முட்டி நல்லாயிருக்கு. பின்நடை அஞ்சாவது நாள் நேராச்சு. எங்க தெருவுக்குத் தண்ணி கேன் போடறவரோட குட்டியானை சாயங்காலம் சும்மாத்தான் நிக்கும், அதைக் கேட்டு வாங்கினேன். பத்தாவது நாள் முன்கால் ரெண்டும் மேல வச்சுது. அன்னிக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியவர் உதவி பண்றேன்னு பின்னாடி வந்து 'ஹை'ன்னு கையைத் தட்டினார். அவ்வளவுதான், மறுபடி பத்தடி தூரம். நான் அவரைக் கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன்.

கிண்டி லாயக்காரர்:
பெரியவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க, தெருவுல இருக்கணும்ல. நாளைக்குப் பலகையிலேர்ந்து மறுபடி ஆரம்பிங்க. முதல் தடவை எடுத்த நாள் இந்தத் தடவை எடுக்காது. முழுசா ஏறின பிறகு உள்ள நின்னு கொள்ளு தின்னப் பழக்குங்க. அப்புறம் இன்ஜினை மட்டும் ஓடவிடுங்க. அதுக்கப்புறம்தான் பத்தடி உருட்டணும்.

சிட்டு வீடு (அக்டோபர் ரெண்டாவது வாரம்):
போய்ச் சேர்ந்தாச்சு! காலையில 4.40-க்கு கிளம்பினோம். தானே ஏறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு தடவை நின்னுச்சு, மூணாவது தடவை ஒரு பெருமூச்சு விட்டுட்டு ஏறுச்சு. அக்கரையிலேர்ந்து சோழிங்கநல்லூர் போற ரோட்டுல கால்வாய்ப் பாலம் ஏறும்போது கொஞ்சம் ஆடுச்சு. கேன்காரர் அசராம மாட்டுவண்டி வேகத்துல ஓட்டினார். கேளம்பாக்கத்துல நிறுத்திப் பார்த்தா வைக்கோல் மென்னுக்கிட்டிருக்கு. இறங்கும்போதுதான் உயிரு போச்சு எனக்கு. ஆனா 'பின்னே'ன்னதும் நேரா, ஒவ்வொரு எட்டா இறங்கிடுச்சு.

தை மாசம் திரும்பக் கூட்டிட்டு வரணும். அதுக்குள்ள பழக்கம் விட்டுப்போகாம இருக்க மச்சானோட டிராக்டர் டிரெய்லர்ல ஏத்தி இறக்கலாமா ஐயா?

கிண்டி லாயக்காரர்:
தாராளமா. வாரம் ஒரு தடவை போதும். ஆனா டிரெய்லர் ரெண்டு சக்கரம்தானே? டிராக்டர்ல மாட்டின பிறகுதான் ஏத்தணும். மாட்டாம நிறுத்தியிருந்தா, பின்னாடி கால் வச்சதும் முன்பக்கம் தூக்கிக்கும். தரை மட்டமும் குட்டியானையைவிட உயரமா இருக்கும், தோப்பு வரப்புல ஒட்டி நிறுத்துங்க. பெரியவர்கிட்ட பேசிட்டீங்களா?

சிட்டு வீடு:
பேசியாச்சு ஐயா. கிளம்பற அன்னிக்கு டார்ச் பிடிச்சது அவர்தான்.